அரித்த கையே வைக்கும்

ராசா,

கடிதத்தைக் கண்டு பயப்படாதே, எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு தாய் மகனுக்குக் கடிதம் எழுதுவது சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் விடியமுன், ஆட்கள் வேலைக்கு வரமுன், கந்தோர் கூட்டப் போய்விடுகிறேன், நீ ஒபர்வில்லியே கிடங்கில் பெட்டி தூக்கிக் களைத்து வந்து விழுகிறாய். நான் வாயைத் திறந்தால் "சரியம்மா, பிறகு கதைப்பம்" என்று சொல்லிக்கொண்டு சப்பாத்தை மாட்டுவாய். உன்னுடைய அந்தப் 'பிறகு' இந்த வீட்டுக்கு ஒருநாளும் வந்ததில்லை. கடிதத்துக்கு நீ அப்படிச் சொல்ல முடியாது. தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக இருந்து கடைசிவரை வாசி. வருகிற புதன்கிழமை உன் கலியாணத் தாலிக்குப் பொன்னுருக்கு. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு சித்தப்பா பஞ்சாங்கத்தோடு வந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். உன் அப்பாவின் தம்பி. நாங்கள் இந்த நாட்டில் வந்து இறங்கியபோது, பாரிஸில் மார்க்ஸ் டோர்மோயில் தங்களுக்கே இடம் போதாத வீட்டில் எங்களுக்கும் பாய் விரித்த மனிதர். அந்த நன்றி எனக்குச் சாகும்வரை உண்டு. நேரம் குறித்துத் தந்தார். நகை செய்கிற பத்தருக்குச் சொல்லியாயிற்று என்றார். கரி போட்டால் புகை கிளம்பும், மேல்மாடிக் கிழவி பொலிசைக் கூப்பிட்டுவிடுவாள், அதனால் காஸ் நெருப்பில்தான் உருக்க வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். பிறகுதான் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணி, குறை நினையாதேங்கோ. பொன்னை இவன்ரை சித்தி எடுத்து வைக்கட்டும். நல்ல காரியத்துக்கு முழுவியளம், சகுனம் எண்டு ஒண்டு கிடக்கெல்லே. பொம்பிளை வீட்டுக்காரரும் வருவினம், அவை என்ன நினைப்பினம்? நீங்கள் அறைக்குள்ளை இருந்து பாருங்கோ. கதவு திறந்துதானே கிடக்கும்."

தாலிக்கான பொன்னை வெற்றிலையில் வைத்து மாப்பிள்ளை கையில் கொடுப்பவள் சுமங்கலியாக இருக்க வேண்டும், அவன் அதை வாங்கிப் பத்தரிடம் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததில்லை. உன் அப்பா போனதிலிருந்து எத்தனையோ வீட்டுக் காரியங்களில் குசினிக்குள் நின்று பலகாரம் சுட்டுக் கொடுத்துவிட்டு, ஆட்கள் போன பிறகு வெளியே வந்தவள் நான். யாரையும் குறை சொன்னதில்லை. ஆனால் இது என் மகனின் பொன்னுருக்கு, அந்தப் பொன் நான் ஆற்றில் நின்று அரித்த பொன். நான் உன்னைப் பார்த்தேன். நீ கோப்பைக்குள் எதையோ தொலைத்தவன் மாதிரி தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். சித்தப்பா "என்னடா தம்பி?" என்று கேட்டபோதும் "நீங்கள் சொன்னாச் சரி சித்தப்பா" என்றாய். எனக்குக் கோபம் வந்தது ராசா. அவர் மேல் இல்லை, உன் மேல். நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன், கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன்.

அந்தப் பொன் எப்படி வந்தது என்பது உனக்குத் தெரியும், பாதி வேலையில் நீயும் கூட நின்றாய். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் உனக்கு மறந்துபோய்விட்டது போலத் தெரிகிறது. என்னோடு கந்தோர் கூட்டும் பெர்னாந்தா இல்லாவிட்டால் எனக்கு மலை ஏது, ஆறு ஏது? ஓகஸ்ட் மாதம் வந்தால் இந்த ஊரில் பாதிப்பேர் வக்கான்ஸ் என்று விடுமுறைக்குப் போய்விடுவார்கள், கந்தோரைப் பூட்டிவிடுவார்கள், நாங்கள் லா சப்பல் வீட்டு வெக்கையில் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கிடப்போம். முதல் வருஷம் பெர்னாந்தாதான் "ஏன் இஞ்சை கிடந்து வேகிறாய், என்னோடை வா" என்று இழுத்துக்கொண்டு போனாள். அவளுடைய தமையன் மனுவேல் கிரெனோபிளுக்கு மேலே ஒரு மலைப்பள்ளத்தில் சுரங்கப்பாதை வெட்டுகிற வேலையில் இருந்தார். அவள் போர்த்துக்கீசக்காரி, எனக்கு அப்போது பிரெஞ்சும் சரியாக வராது. என்ன பாஷையில் கதைத்தோம் என்று சித்தி இன்றைக்கும் கேட்கிறாள். சப்பாத்து, மேசை, யன்னல், அலுமாரி, குசினி எல்லாம் அவளுக்கும் அதே சொல்தான். ஒரு வீட்டை நடத்த அது போதும்.

அவளும் புருஷனை இழந்தவள். அவர்கள் பக்கத்தில் அதற்குக் கறுப்பு. நான் வெளிறிய நூல் சேலை, அவள் கழுத்திலிருந்து கால்வரை கறுப்பு, இரண்டு பேரும் முழங்கால்வரை ரப்பர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு பனி உருகி வருகிற ஆற்றில் நின்றதைப் பார்த்து நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அந்தத் தண்ணீர் ஞாபகம் இருக்கிறதா? மேலே பனிப்பாறை கல்லை அரைத்து அரைத்து அனுப்புவதால் அரிசி கழுவிய கழனி மாதிரி வெள்ளையாக வரும். காலையில் கணுக்கால் அளவு இருக்கும். வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, பின்னேரம் அதே இடத்தில் ஆள் நிற்க முடியாது. மத்தியானத்தோடு கரையேறிவிட வேண்டும் என்பது மனுவேலின் சட்டம். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய பாறைகளின் பின்பக்கத்தில், கல் வெடிப்புகளுக்குள், பாசிக்கு அடியில் மண்ணைச் சுரண்டி எடுத்து, பத்தே என்று ஒரு தகரத் தட்டில் போட்டுத் தண்ணீரில் சுழற்றுவார். மண்ணெல்லாம் போய் அடியில் கறுப்பு மணல் ஒரு கோடாக நிற்கும். அந்தக் கறுப்பில் மஞ்சளாய் ஒரு பொட்டு, இரண்டு பொட்டு. அதுதான் பொன்.

எனக்கு அந்தத் தட்டைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. அடிப்பக்கம் வரிவரியாக இருந்தது. இது எங்கள் அரிக்கன் சட்டி அல்லவா என்றேன். அரிசியில் கல் அரித்த கைக்கு மண் அரிக்கவா தெரியாது? தாரும் இஞ்சாலை என்று வாங்கி, குந்தியிருந்து, ஒரு சுற்று, ஒரு சாய்ப்பு, ஒரு சுற்று, ஒரு சாய்ப்பு. மனுவேல் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அவர் ஒரு தட்டு முடிக்க நான் இரண்டு முடிப்பேன் போலிருந்தது. மண் போய், சின்னக் கல் போய், கறுப்புக் கோடு வந்தது. அந்தக் கோட்டில் அன்றைக்கு எல்லோரும் கண்டதிலேயே பெரிய மஞ்சள் துண்டு ஒன்று, நெல்லுமணியின் பாதி இருக்கும், பளிச்சென்று கிடந்தது. நானும் கண்டேன். கண்டுகொண்டே, வீட்டில் அரிசி அரித்து முடிந்ததும் அடியில் தங்கிய கல்லை எப்படி ஒரு உதறு உதறி முற்றத்தில் வீசுவேனோ, அப்படியே வீசிவிட்டேன்.

"நொன், நொன், மதாம்!" என்று மனுவேல் தண்ணீருக்குள் பாய்ந்தார். பெர்னாந்தா சிரிப்புத் தாங்காமல் கல்லில் இருந்துவிட்டாள். நீ "அம்மா, அது அரிசியில்லை அம்மா, இஞ்சை கல்லுத்தான் சோறு" என்று கத்தினாய். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. வாழ்நாள் முழுக்க என் கை தண்ணீரோடு ஓடுகிற அரிசியை எடுத்துவைத்து அடியில் நிற்கிற கல்லை வீசிப் பழகியது. அன்றைக்கு முழுக்க அந்த இடத்திலேயே மண்ணைக் கிண்டினேன், அந்தத் துண்டு திரும்பக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு வலது மணிக்கட்டில் கைலேஞ்சித் துண்டைக் கட்டிக்கொண்டுதான் தட்டைத் தொடுவேன். உதறக் கை எழும்பும்போது கைலேஞ்சி கண்ணில் படும், நிறுத்திக்கொள்வேன். அடுத்த வருஷம் கைலேஞ்சி தேவைப்படவில்லை. பழகிய கையையும் திருத்தலாம் ராசா, ஆனால் அது தானாகத் திருந்தாது, யாராவது ஒருவர் கட்ட வேண்டும்.

ஏன் வருஷாவருஷம் போனேன் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை, எனக்கு ஏதோ பொழுதுபோக்கு என்று நினைத்திருப்பாய். முதலில் பொழுதுபோக்குத்தான். இரண்டாம் வருஷம் மருந்துச் சீசாவின் அடியில் அந்த மஞ்சள் தூளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நினைத்தேன்: என் தாலிக்கொடி உன்னையும் என்னையும் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போய்விட்டது, இனி உனக்கென்று நான் கொடுக்க என்ன இருக்கிறது? இது இருக்கிறது. எவர் கழுத்திலும் கிடக்காத பொன், எவரும் அடகு வைக்காத பொன், மலை தந்து நான் வாங்கியது. உன் பெண்சாதிக்கு இதில்தான் தாலி என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். அதற்குப் பிறகு முழங்கால் நொந்தாலும் விரல் விறைத்தாலும் தண்ணீரை விட்டு நான் எழும்பவில்லை. மண்ணைக் காயவைத்து, காந்தத்தால் இரும்பு மணலை இழுத்து, மிச்சக் கறுப்பைக் கடதாசியில் வைத்து மெல்ல மெல்ல ஊதி எடுத்தேன். பலமாக ஊதினால் பொன்னும் சேர்ந்து பறக்கும். மூச்சை அடக்கி ஊதப் பழகினேன்.

இனி அந்தப் பழைய சுரங்கத்துக்கு வருகிறேன். ஆற்றுக்கு மேலே, பெரிய யுத்தத்துக்கு முன்னமே கைவிட்டதென்று சொல்கிற பொன் சுரங்கம். வாசலில் வெள்ளைக்கல் குவியல், உள்ளே இருட்டும் சொட்டுத் தண்ணீரும். மூன்றாவது வருஷம் மனுவேலும் நீயும் உள்ளே நிலத்தில் படிந்த சேற்றை அள்ளிவரப் போனீர்கள். என்னையும் பெர்னாந்தாவையும் வாசலில் நிறுத்தினார். ஆபத்து என்பதற்காக இல்லை. ஊரில் வாலிபத்தில் சுரங்க வேலை செய்தவர், பெண் காலடி சுரங்கத்துக்குள் பட்டால் சுரங்கம் ஒரு ஆணை விழுங்கும் என்பது அங்கே நம்பிக்கை. அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை, சொல்லும்போது முகம் மாறியது. நானும் கல்லில் குந்தினேன்.

கொஞ்ச நேரத்தில் நீ சேறும் வேர்வையுமாக ஓடிவந்தாய். உள்ளே கூரையைத் தாங்கிய உக்கிப்போன மரம் சரிந்து மனுவேலின் கால் அதற்கடியில் சிக்கிவிட்டது. மரத்தைத் தூக்க உனக்கு இரண்டு கையும் வேண்டும், விளக்குப் பிடிக்க ஆள் வேண்டும். பெர்னாந்தா சிலுவை போட்டுக்கொண்டு நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அவளைக் குறை சொல்லாதே, உள்ளே கிடப்பது அவளுடைய அண்ணன், தன் காலடியால் அவருக்கு ஏதும் ஆகிவிடும் என்று நடுங்கினாள். நான் எழும்பினேன், எழும்பிவிட்டு நானும் தயங்கினேன். அப்போது நீ என்ன சொன்னாய்?

"அதெல்லாம் பேய்க்கதை அம்மா. நீங்கள் வாங்கோ. உங்களை விட்டா எனக்கு ஆர் பிடிக்கிறது?"

வந்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து குனிந்து வந்தேன். கால் சிக்கிக் கிடந்த நிலையிலும் மனுவேல் என்னைப் போ போ என்று கத்தினார். நீ அதைக் காதில் வாங்கவில்லை. நான் விளக்கைப் பிடித்தேன், நீ மரத்தைத் தூக்கினாய், அவர் காலை இழுத்துக்கொண்டார். ஒரு கல்லும் விழவில்லை. வீங்கிய காலோடு வெளியே வந்தவர், அடுத்த வருஷம் அதே வாசலில் தன் கையாலேயே விளக்கை என்னிடம் நீட்டினார். நீ பாரிஸ் திரும்பியதும் இந்தக் கதையைச் சலூனில் சொன்னாய், மரக்கறிக் கடையில் சொன்னாய், ரூ பஜோல் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சித்தப்பாவுக்கும் சொன்னாய். "எங்கடை அம்மாவுக்குப் பயமெண்டா என்னெண்டு தெரியாது" என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்படியென்றால் எனக்கு ஒன்றை விளக்கிச் சொல். போர்த்துக்கீசன் சொன்னால் பேய்க்கதை, சித்தப்பா சொன்னால் சம்பிரதாயமா? மனுவேல் போ போ என்று கத்தியும் காதில் வாங்காத உனக்கு உன் சொந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஏன் நாக்கு ஒட்டிக்கொண்டது? விடை எனக்குத் தெரியும். அங்கே இருட்டும் ஆபத்தும்தான் இருந்தன. இங்கே நாலு சனம் இருக்கிறது. சனத்துக்குப் பயப்படுவது இருட்டுக்குப் பயப்படுவதைவிடப் பெரிய பயம், எனக்கும் அது இருந்தது, அதனால்தான் குசினிக்குள் அத்தனை வருஷம் நின்றேன். பெர்னாந்தா தன் மகளின் கலியாணப் படத்தைக் காட்டினாள், கோயிலுக்குள் எல்லோருக்கும் முன்னால் அந்தக் கறுப்புச் சட்டையோடேயே மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். "உன்ரை மகன்ரை கலியாணத்திலை நீ எங்கை நிப்பாய்?" என்று கேட்டாள். குசினிக்குள் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

உனக்குப் பெண்சாதியாக வரப்போகிற சுகந்தியையும் நான் நினைத்துப் பார்த்தேன். நினைக்காமல் எழுதுகிறேன் என்று எண்ணாதே. ஞாயிறு இரவு எனக்கும் அந்த எண்ணம் வந்தது. என் கை பட்டு, நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஏதும் வந்துவிட்டால்? சுகந்தி நல்ல பிள்ளை, என்னைக் கண்டால் முகம் மலர்கிற பிள்ளை. அப்புறம் என் சொந்தப் பொன்னுருக்கை நினைத்தேன். ராசா, அதில் ஒரு குறையும் இருக்கவில்லை. நேரம் பார்த்தது பெரிய சாத்திரி. பொன்னை எடுத்து வைத்தது உன் அப்பாவின் பெரியம்மா, மஞ்சளும் குங்குமமுமாக, புருஷனும் பேரப்பிள்ளைகளுமாக வாழ்ந்தவள். ஒரு கைம்பெண் நிழலும் அந்தப் பக்கம் விழவில்லை. அப்படி உருக்கிய பொன்னில் செய்த தாலி என் கழுத்தில் கிடக்கும்போதுதான் உன் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் சரிந்தார். யாருடைய கை அவரைக் கொன்றது? யாருடைய கையும் இல்லை. அவருக்கு நெஞ்சு வருத்தம் இருந்தது, எங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த நாளுக்குப் பிறகு இதை நான் யாருக்கும் வாய்விட்டுச் சொன்னதில்லை. உனக்குச் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து நேராகப் பத்தரிடம் போனேன். அவர் அறையில் கதிரைகூட இல்லை, கட்டிலில் இருத்தினார். சீசாவைத் தட்டில் கொட்டி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். ஒரு சின்னத் தகட்டை எடுத்து உரைகல்லில் இழுத்தார்.

"கொஞ்சம் வெளிறல் அக்கா. ஆத்துப் பொன்னிலை வெள்ளி கலந்து கிடக்கும். சுத்தம் பண்ண வேணும். ஆனா பொன் பொன்தான்."

"தாலிக்குக் காணுமோ?"

"தாலிக்குக் காணும். கொடிக்குத்தான் கடையிலை வாங்க வேணும்."

"சுத்தம் பண்ணுறதைப் பண்ணி வையும். புதன்கிழமை நான்தான் எடுத்து வைப்பன். உமக்கு அதிலை ஏதும் மனக்குறையோ?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர், ஆனால் நாளைக்கும் இந்தச் சனத்திடம் பிழைக்க வேண்டிய மனிதர். "எனக்கு ஆர் வைச்சாலும் நெருப்பு ஒண்டுதான் அக்கா. ஆனா உங்கடை ஆக்கள் சண்டைக்கு நிண்டா நான் இடையிலை வரமாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன்" என்றார். அது போதும் என்றேன். அவர் வர வேண்டியதில்லை, வர வேண்டிய ஆள் வேறு.

கலியாணத்துக்குப் பிறகு நீயும் சுகந்தியும் தனி வீடு பார்ப்பதாகச் சொன்னாய். நல்லது, போங்கள். அரிசி எத்தனை கோப்பை போடுவது, யார் குப்பை கொண்டுபோய்ப் போடுவது என்பதெல்லாம் நீங்களே சண்டைபிடித்துப் படிப்பீர்கள், அதில் நான் புத்தி சொல்ல வரமாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். நாலு பேருக்கு முன்னால் அவளை யாராவது ஒதுக்கிவைக்கிற நாள் வரும். பிள்ளை பிறக்கச் சுணங்கினால் வரும், சீதனம் குறைந்தது என்று எவளாவது வாயசைத்தால் வரும், அவள் வேலைக்குப் போகிறாள் என்று வரும். சொல்கிறவர்கள் கெட்டவர்களாக இருக்க மாட்டார்கள், உனக்குப் பாய் விரித்தவர்களாகத்தான் இருப்பார்கள், குரலைத் தாழ்த்திக் குறை நினையாதேங்கோ என்றுதான் சொல்வார்கள். அன்றைக்கு நீ கோப்பைக்குள் பார்க்கக் கூடாது. தாய்க்காக வாய் திறக்காதவன் பெண்சாதிக்காகவும் திறக்க மாட்டான். அந்தப் பயம்தான் எனக்கு, முழுவியளம் அல்ல.

ஆகவே நடக்கப்போவதை எழுதுகிறேன். புதன்கிழமை நான் வேலைக்கு லீவு எடுத்துவிட்டேன். பெர்னாந்தாவுக்கும் சொல்லியிருக்கிறேன், அவள் வருவாள், கறுப்புச் சட்டையோடுதான் வருவாள், அவளுக்கு நல்ல கதிரையாகப் போடு. பொன்னை வெற்றிலையில் நான் வைப்பேன், உன் கையில் நான் தருவேன். சித்தியைக் கூப்பிட்டு என் பக்கத்தில் நிறுத்துவேன், அவளும் தொடட்டும், எனக்கு அவளோடு ஒரு கோபமும் இல்லை. சித்தப்பா எழுந்து போனால் படியிறங்கும்வரை கூடப் போய் மரியாதையாக அனுப்பிவிட்டு வந்து மிச்சத்தைச் செய்வேன். அறைக்குள் மட்டும் போகமாட்டேன்.

இப்போது கோட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் புறப்படுகிறேன். நீ எனக்குப் பதில் எழுத வேண்டாம், என்னைக் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். இன்றைக்குக் கிடங்குக்குப் போகமுன் சித்தப்பாவுக்கு ஒரு போன் எடு. சுகம் விசாரி, பிறகு "பொன்னை அம்மாதான் வைப்பா" என்று சொல். நீ சொல்லாவிட்டாலும் நான் வைப்பேன் ராசா. சொல்லிவிட்டாயானால் என் கை நடுங்காது.

அம்மா